பட்டை வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க எது சரி: கூடுதல் பட்டையா, பலூனா, முழு ஏர் சஸ்பென்ஷனா?

"காலியாக வந்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு குதிக்கிறது, லோடு ஏற்றினால் பட்டை நேராகி உட்கார்ந்துவிடுகிறது, பலூன் போட்டால் சரியாகுமா?" இந்தக் கேள்வியை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பட்டை என்பது லாரியின் சேசிஸைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடுகளின் அடுக்கு (லீஃப் ஸ்பிரிங்), பலூன் என்பது ஏர் ஏற்றும் ரப்பர் பை. ஒருவர் நாமக்கல்லில் இருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறார். இன்னொருவர் ஒரகடம் பக்கத்துக் குடோன்களுக்குப் பார்சல் கொண்டுபோகிறார், அங்கே டாக் (சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) உயரமும் இவர் வண்டித் தளமும் ஒட்டுவதே இல்லை. மூன்றாமவரிடம் இருப்பது எம்-சாண்ட் அடிக்கிற டிப்பர். மூவரும் ஒரே பொருளைத்தான் வாங்க நினைத்தார்கள். ஆனால் அதில் ஒருவருக்குத்தான் அது உதவும். ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

## முதலில் எதைப் பார்த்து முடிவு செய்வது

கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். பின்சக்கர நடுவில் இருந்து நேர் மேலே சேசிஸின் அடிவிளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். காலியாக ஒரு தடவை, பாதி லோடில் ஒரு தடவை, ஆர்சியில் உள்ள முழு எடைக்கு ஏற்றி எடை மேடையில் சீட்டு வாங்கிய கையோடு ஒரு தடவை. இந்த ஆறு எண்கள் கையில் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். இடதுக்கும் வலதுக்கும் காலியிலேயே வித்தியாசம் இருந்தால் உங்கள் பிரச்சினை உயரம் அல்ல, ஒரு பக்கப் பட்டை உட்கார்ந்துவிட்டது அல்லது உடைந்திருக்கிறது. அதை முதலில் பாருங்கள்.

அப்புறம், மாதத்தில் ஓடுகிற கிலோமீட்டரில் எவ்வளவு காலி, எவ்வளவு பாதி லோடு, எவ்வளவு முழு லோடு என்று கணக்குப் போடுங்கள். எப்போதும் முழு லோடு என்றால் உயரத்தை மாற்றும் வசதிக்குக் காசு கொடுப்பது வீண், அந்த ஒரு எடைக்குப் பட்டையைச் சரியாகக் கட்டினாலே போதும். லோடு நாளுக்கு நாள் மாறுகிறவர்களுக்குத்தான் மற்ற வழிகள்.

ஏற்றுகிற பொருள் உடையக்கூடியதா, வண்டி போவது நாற்கரச் சாலையா குவாரி மண்ணா, வழியில் நின்றால் எந்த ஊரில் யார் சரி செய்வார்கள், இவையும் கணக்கில் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். உயரத்தைத் தொட்டால் பிரேக்கைத் தொட்ட மாதிரி. பலூன் விற்கிறவர்கள் அதிகம் பேசாத விஷயம் இதுதான், கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆவணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓவிடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு வாங்க முடியாத காகிதம் அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகளில் எதுவும் கூடுதல் எடை ஏற்ற அனுமதி கிடையாது. நான்கு டயர் போட்ட ஒற்றைப் பின் ஆக்சிலுக்கு 2018-இல் வரம்பு 10.2 டன்னில் இருந்து 11.5 டன் ஆனது. பலூன் போட்டாலும் அது 11.5 டன்தான். மீறினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பட்டை தாங்கினாலும் ஹவுசிங்கும் ஹப் பேரிங்கும் பிரேக் டிரம்மும் டயரும் அதே பழையவைதான் என்பதை மறக்கக் கூடாது.

## பட்டை சேர்ப்பது, கேம்பர் (வளைவு) ஏற்றுவது

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி. பட்டை அடுக்கைக் கழற்றி, உட்கார்ந்துபோன பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, தேவைப்பட்டால் கூட ஒன்றிரண்டு போட்டு, புதிய சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோக்கும் போல்ட்), யூ போல்ட்டுடன் (பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் போல்ட்) கட்டித் தருவார்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் இதற்குப் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி விட்டால் மறுநாள் வண்டி ரோட்டில்.

பட்டையின் பெரிய பலம், அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. எடையையும் தாங்குகிறது, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கிறது. தனியாக ஆர்ம், ராடு எதுவும் வேண்டாம். ஒரு பட்டை உடைந்தாலும் மற்றவை தாங்க, மெதுவாகவாவது ஊர் வந்து சேரலாம்.

மறைவாக வரும் செலவு வேறு மாதிரி. கூட ஒரு பட்டை போட்டால் முழு லோடில் வண்டி நிமிர்ந்து நிற்கும், சரி. ஆனால் அந்தப் பட்டை காலி வண்டியிலும் அங்கேயேதான் இருக்கும். காலியாக வரும்போது குதிப்பது கூடும், அந்த அடி பாடி வெல்டிங்கிலும் கேபின் மவுண்டிலும் டிரைவரின் இடுப்பிலும்தான் இறங்குகிறது. பட்டறையில் உலையில் காய்ச்சி அடித்து வளைக்கும்போது அதற்கு உரிய வெப்பப் பதம் மறுபடி கொடுக்கவில்லை என்றால் சில மாதங்களில் மறுபடி உட்காரும், அல்லது சென்டர் போல்ட் ஓட்டை வழியாக உடையும். பதம் பார்க்கத் தெரிந்த பட்டறைக்காரருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

ஒன்று சொல்ல வேண்டும். நிறையப் பேர் "பட்டை கல்லாகிவிட்டது" என்று வந்து நிற்பார்கள், கீழே படுத்துப் பார்த்தால் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே இரும்புத் துண்டு போலக் கிடக்கும், பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின் கிரீஸ் பார்த்தே வருடம் ஆகியிருக்கும். பிரித்துச் சுத்தம் செய்து, புஷ் (பின் உட்காரும் உள்வளையம்) மாற்றிக் கட்டினாலே பாதிப் பேருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

எப்போதும் ஒரே எடை ஓட்டுகிறவர்கள், குவாரி, செங்கல், எம்-சாண்ட் டிப்பர்காரர்கள் இந்த வழியிலேயே இருங்கள்.

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயரம் ஏற்றுவதும் ஒன்று உண்டு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உயரம் கூடும், ஆனால் கூட்டிக் குறைக்க முடியாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும் விசை, கட்டை உயரத்தால் இன்னும் பெரிதாகிப் பட்டையில் விழும்.

## பட்டையோடு பலூன்

பட்டை அப்படியே இருக்கும், ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு ரப்பர் பலூன் சேரும், கேபினில் ஒரு கேஜும் சுவிட்சும். ஏர் ஏற்றினால் பின்பக்கம் எழும், இறக்கினால் பழைய நிலைக்கு வரும். இதன் கணக்கு எளிது. பலூனின் வேலை செய்யும் குறுக்களவு சுமார் 20 சென்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு ஏறக்குறைய 314 சதுர சென்டிமீட்டர். 6 கிலோ ஏர் (சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம்) கொடுத்தால் ஒரு பலூன் தள்ளுவது 1,880 கிலோ சொச்சம், இரண்டும் சேர்ந்து மூன்றே முக்கால் டன். உங்கள் பின்பட்டைகள் இரண்டும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் அமுங்க 900 கிலோ தேவை என்று வைத்துக்கொண்டால், இந்தப் பலூன்கள் வண்டியைச் சுமார் 4 சென்டிமீட்டர் தூக்கும். இதற்கு மேல் அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கிலேயே இரண்டு உண்மை இருக்கிறது. ஒன்று, பலூனால் தள்ள மட்டும்தான் முடியும், இழுக்க முடியாது. பட்டை தானாக நிற்கும் உயரத்துக்குக் கீழே வண்டியை இறக்க இதனால் வழியே இல்லை. இரண்டு, பட்டைக்கு இணையாகப் பலூன் சேர்ந்தால் மொத்த விறைப்பு கூடும், குறையவே குறையாது. காலி வண்டியை மெத்தென்று ஆக்க நினைத்துப் பலூன் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

இனி பிரேக். லாரி பிரேக் ஏர் அழுத்தத்தில் வேலை செய்வது. பல லாரிகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியும் நெம்புகோலும் போகும், அதன் மேல்முனையில் ஒரு வால்வு இருக்கும். லோடு பார்த்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு ஏர் விடுவது என்று முடிவு செய்கிற வால்வு அது. அதற்கு எடை தெரியாது. சேசிஸ் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். நீங்கள் 9 டன் ஏற்றிவிட்டுப் பலூனில் வண்டியை நிமிர்த்தினால் அந்த வால்வு "லோடு குறைவு" என்று நினைத்துப் பின் பிரேக்குக்கு ஏரைக் குறைத்துவிடும். முன் பிரேக் மட்டும் உழைக்கும், சூடாகும், நிற்கிற தூரம் நீளும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும், ஆனால் வால்வு குறைத்துக் கொடுத்த பிரஷரைக் கூட்டித் தருவது அதன் வேலை இல்லை. உங்கள் வண்டியில் இந்த வால்வு இருந்தால், பலூன் பொருத்திய பிறகு பிரஷர் கேஜ் வைத்து, லோடோடும் காலியாகவும் அதைச் செட் செய்து தரக்கூடிய சர்வீஸ் சென்டர் ஒன்றை முதலில் கண்டுபிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் பலூன் வேண்டாம்.

எங்கள் பத்து சக்கர வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் பலூன் மாட்டினோம். இரண்டு பலூனையும் ஒரே ஓஸில் (ஏர் குழாயில்) சேர்த்து, பிரேக் ஏர் டேங்கில் நேராக ஒரு டி (மூன்று வழி இணைப்பு) போட்டு ஏர் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாளே வளைவில் வண்டி முன்னைவிட அதிகம் சாய்ந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது, வளைவில் வெளிப்பக்கப் பலூன் அமுங்கும்போது அதன் ஏர் ஓஸ் வழியாக உள்பக்கப் பலூனுக்கு ஓடி, தாங்க வேண்டிய பக்கத்தைக் கைவிட்டுவிடுகிறது. அதோடு முடியவில்லை. மூன்றாவது வாரம், தர்மபுரியில் இருந்து சேலம் வருகிற வழியில் தொப்பூர் இறக்கம் தொடங்கச் சற்று முன்னால் ஏர் குறைந்தால் எச்சரிக்கும் பஸர் கத்தியது. டயர் உரசி ஓஸ் அறுந்து, பிரேக் ஏர் அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது. இறக்கத்தில் கால் வைப்பதற்கு முன் டிரைவர் ஓரம் கட்டினார். அந்த இறக்கத்தில் எத்தனை லாரிகள் விபத்தில் போயிருக்கின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். அன்று கீழே படுத்து அந்த ஓஸைக் கையில் பிடித்துப் பார்த்தேன், சுண்டு விரல் கனம்தான் இருந்தது.

அதனால் பலூன் போட்டால் இவை இல்லாமல் வண்டியை வாங்கி வராதீர்கள்: இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி லைன். பிரேக் டேங்கில் பிரஷர் சுமார் 6 கிலோவுக்குக் கீழே இறங்கினால் பலூன் பக்கத்தைத் தானாக மூடிவிடும் பாதுகாப்பு வால்வு, முடிந்தால் பலூனுக்கென்று தனி டேங்க். ஓஸ் போகும் பாதை டயருக்கும் சைலன்சருக்கும் தள்ளி இருக்க வேண்டும். பலூனின் மேல் பிராக்கெட்டைச் சேசிஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். பட்டை தன் சுமையை இரண்டு முனைகளில் பிரித்துச் சேசிஸுக்குக் கொடுக்கும், பலூன் ஒரே இடத்தில் குத்தித் தள்ளும், அந்த இடத்தில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். காலியாக ஓடும்போதும் ஏரை முழுக்க இறக்கக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச ஏர் இல்லாவிட்டால் பலூன் மடிப்பில் சிக்கிக் கிழியும்.

கியர் பாக்ஸில் இருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வும் உயரத்தோடு மாறும். குறிப்பிட்ட வேகத்தில் புதிதாக ஓர் அதிர்வு வந்தால், கிராஸ் (அந்த ஷாஃப்ட்டின் மூட்டு) போகும்வரை காத்திருக்காமல் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், லோடு நாளுக்கு நாள் மாறுகிற நெடுஞ்சாலை வண்டிக்கு, முழு லோடில் பின்பக்கம் உட்கார்வதுதான் குறை என்றால், சரியாகப் பொருத்திய பலூன் நல்ல வழி. பலூன் வெடித்தாலும் பட்டை இருக்கிறது, வண்டி ரோட்டில் நிற்காது.

## முழு ஏர் சஸ்பென்ஷன்

இதில் பட்டை எடையைத் தாங்குவதே இல்லை, பலூன்தான் தாங்குகிறது. ஆக்சிலைப் பிடிக்க டிரெய்லிங் ஆர்ம், ராடு, சாய்வைத் தடுக்க ஒரு பார், ஆட்டத்தை அடக்க நல்ல ஷாக் அப்சார்பர், உயரத்தைக் காக்க ஒரு வால்வு என்று ஒரு குடும்பமே கூட வரும். லோடு ஏறினால் வால்வு ஏரைக் கூட்டும், இறங்கினால் வெளியே விடும், உயரம் அதே இடத்தில். எடை குறையும்போது பலூனின் விறைப்பும் சேர்ந்து குறைவதால் காலி வண்டியும் மெத்தென்று போகும். பட்டையால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாத காரியம் இது. இறக்கவும் முடியும். சென்னையில் தாழ்தளப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆளை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த வேலைதான். பிரேக் வால்வும் இங்கே உயரத்தைப் பார்க்காமல் பலூன் பிரஷரைப் பார்க்கிறது, அதனால் ஏமாறாது.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே சலுகை தருகிறது. இரட்டை டயரும் ஏர் சஸ்பென்ஷனும் இருந்தால் இழுக்கும் இரட்டை ஆக்சிலுக்கு 18 டன்னுக்குப் பதில் 19 டன். சாலையைக் குறைவாக அடிக்கிறது என்பதுதான் காரணம்.

செலவு? ஏற்கனவே ஓடுகிற பட்டை வண்டியில் இதை மாற்றிப் போட நினைக்காதீர்கள். ஆர்ம் தாங்கும் ஹேங்கர், கிராஸ் மெம்பர், கம்ப்ரஸர் அளவு எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும், காகிதமும் சிக்கல். தேவை என்றால் கம்பெனியில் இருந்தே பொருத்தி வரும் வண்டி அல்லது டிரெய்லரை வாங்குங்கள். டேங்கில் தண்ணீர் தேங்கவிட்டால் வால்வு கெடும், ஏர் டிரையரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பர் போனால் பட்டை வண்டி மாதிரிப் பொறுத்துக்கொள்ளாது, வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். பலூன் வெடித்தால் உள்ளே உள்ள ரப்பர் கட்டையில் உட்கார்ந்து ஊர்ந்துதான் போகலாம், வழியோரப் பட்டறையில் அந்த அளவுப் பலூன் இருக்காது. ஒன்று கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு ஆபத்து, ஓவர்லோடு கண்ணுக்குத் தெரியாது. எத்தனை டன் ஏற்றினாலும் வண்டி அதே உயரத்தில் நிற்கும். பதிலுக்கு ஒரு வசதி உண்டு, எடை மேடையில் நிற்கும்போது பலூன் கேஜ் என்ன காட்டுகிறது என்று இரண்டு மூன்று எடைகளுக்கு எழுதி வைத்துக்கொண்டால், பிறகு அந்தக் கேஜே உங்களுக்குத் தராசு. பட்டையோடு சேர்ந்த பலூனில் இந்த வித்தை நடக்காது, அங்கே பிரஷரை நிர்ணயிப்பது நீங்கள், எடை அல்ல.

டிப்பரில் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் தொட்டியைத் தூக்கும் முன் பலூன் ஏரை இறக்கியே ஆக வேண்டும். தொட்டி மேலே போய், மண் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் பலூன் அந்தப் பக்கமாகச் சாய விடும்.

காற்றாலை இறக்கை, டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றுகிற ஹைட்ராலிக் ஆக்சில் டிரெய்லர்கள் அடி கணக்கில் ஏறி இறங்கும். அது வேறு தொழில், இந்தக் கணக்கில் சேராது.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | பட்டை சேர்ப்பது | பட்டை + பலூன் | முழு ஏர் |
|---|---|---|---|
| உயரம் கூட்ட | முடியும், நிரந்தரமாக | முடியும், சில செ.மீ. | முடியும் |
| உயரம் இறக்க | முடியாது | பட்டை நிற்கும் உயரம் வரைதான் | முடியும் |
| காலி வண்டியில் மென்மை | குறையும் | அதிகரிக்காது | நன்றாகக் கூடும் |
| பிரேக் வால்வு | மறுபடி செட் செய்ய வேண்டும் | கட்டாயம் செட் செய்ய வேண்டும், கவனம் தேவை | பலூன் பிரஷரைப் பார்க்கும் |
| வழியில் பழுதானால் | எந்த ஊரிலும் ஆகும் | பட்டை தாங்கும் | ஊர்ந்து போக வேண்டும் |
| குவாரி ரோடு | ஏற்றது | கல் குத்தும் | வேண்டாம் |
| ஆவணச் சிக்கல் | குறைவு | கேட்டுச் செய்ய வேண்டும் | கம்பெனிப் பொருத்தம் என்றால் இல்லை |

## கேட்ட மூவருக்கும்

முட்டை ஓட்டுகிற அண்ணனுக்குப் பலூன் உதவாது. இவர் ஏற்றுகிற முட்டை லோடு முழு எடைக்குப் பக்கத்தில் வருவதில்லை, அதனால் முழு லோடுக்குச் செய்த பட்டை பாதி கூட அமுங்குவதில்லை. அதனால்தான் அடி மேலே வருகிறது. இவருக்குப் பிரச்சினை உயரம் இல்லை, பட்டையின் விறைப்புதான். பட்டையைப் பிரித்துச் சுத்தம் செய்து புஷ் மாற்றுங்கள், உண்மையான எடைக்கு ஏற்ற டயர் காற்று எவ்வளவு என்று டயர் கம்பெனி அட்டவணையில் பாருங்கள், அதே மாடலுக்குக் கம்பெனி பாரபோலிக் பட்டை (குறைந்த தகடுகள் உள்ள, மெத்தென்ற பட்டை) தருகிறதா என்று கேளுங்கள். அடுத்த வண்டி எடுக்கும்போது முழு ஏர் பின்பக்கம் கிடைத்தால் எடுங்கள், உடைகிற முட்டைக் கணக்கை இன்றிலிருந்தே எழுதி வைத்தால் அந்தக் கூடுதல் விலை கட்டுமா என்று அப்போது தெரியும்.

டிப்பர் தம்பி, உங்களுக்குப் பட்டறைதான். நல்ல பதத்தில் பட்டை கட்டி, யூ போல்ட்டை லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள்.

பார்சல்காரருக்குப் பலூன் பொருந்தலாம், ஆனால் டேப் சொல்வதைப் பொறுத்து. டாக் பெரும்பாலும் நான்கு அடி உயரம், அதாவது 1.2 மீட்டர் பக்கம். லோடோடு போய் நிற்கும்போது உங்கள் தளம் டாக்குக்கு நாலு விரல் கீழே இருந்தால் பலூன் தூக்கிக் கொடுக்கும், பெட்டி இறங்க இறங்கத் தளம் எழும்போது ஏரைக் குறைத்துக்கொண்டே வரலாம். தளம் ஏற்கனவே டாக்கைவிட மேலே இருக்கிறது என்றால் பலூனுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யாதீர்கள், குடோனில் டாக் லெவலர் (மேடைக்கும் வண்டித் தளத்துக்கும் நடுவே உயரத்தைச் சரிக்கட்டும் பலகை) கேளுங்கள். பலூன் போடுவதாக முடிவானால், மாட்டிய அன்றே முழு லோடு ஏற்றி, ஏர் ஏற்றிய நிலையிலேயே ஆளில்லாத நேரான ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி, தொடாமல் கையைக் கிட்டே வைத்து முன் டிரம்மையும் பின் டிரம்மையும் ஒப்பிடுங்கள். முன்னது கொதித்துப் பின்னது வெதுவெதுப்பாக இருந்தால், வண்டியை நேராகப் பட்டறைக்கே திருப்புங்கள், லோடு பார்க்கும் அந்தக் கம்பியும் வால்வும் இன்னும் செட் ஆகவில்லை.